கடப்பா கல்லும் களி அடுப்பும்: நகரிப் பக்கத்து வீட்டில் பிரெஞ்சு கிராமத்துச் சமையலறை

நீங்கள் கேட்டிருப்பது இது: நகரிக்கு அருகே பழைய வீட்டின் பின்கட்டைப் பிரித்து, 14-க்கு 12 அடியில் புதுச் சமையலறை கட்டுகிறீர்கள். கிழக்குச் சுவர் 14 அடி. பிரெஞ்சு கிராமத்துப் பாணியில் வேண்டும் என்று ஆசை. அதே சமையலறையில்தான் உங்கள் மாமியார் வாரத்தில் மூன்று நான்கு நாள் கேழ்வரகுக் களி கிண்டுவார், கோடையில் ஆவக்காய் போடுவார். சென்னையிலிருந்து வந்த மாடுலர் கிச்சன்காரர் வெள்ளை எம்.டி.எஃப். (மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்த பலகை) ஷட்டரும் செயற்கை மரச் சட்டமும் போட்டு ஒரு மதிப்பீடு கொடுத்திருக்கிறார். அது சரிவருமா?

சரிவராது. எம்.டி.எஃப். பலகை சிங்க்குக்கு அடியில் தண்ணீர் பட்டால் ஊதிவிடும், ஊதியது பிறகு அடங்காது. அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. ஒரே அச்சில் வார்த்த மாதிரி சுவரோடு சுவராக ஓடும் ஷட்டர் வரிசை அந்தப் பாணிக்கே நேர் எதிரானது. தெற்கு பிரான்சில், புரோவான்ஸ் பகுதிப் பண்ணை வீடுகளில் சமையலறைதான் வீட்டின் நடுக்கூடம். ஒரு பக்கம் புகைக்கூண்டோடு அடுப்பு, ஜன்னலடியில் கல் தொட்டி, தட்டுகள் நிறுத்தி வைக்க ஒரு அலமாரி, நடுவில் பெரிய மேசை. ஒவ்வொன்றும் வேறு வேறு காலத்தில், வேறு வேறு ஆசாரி கையால் வந்து சேர்ந்தது. கல் பக்கத்துக் குவாரியிலிருந்து வரும், தரை பக்கத்து மண்ணிலிருந்து வரும். வார் மாவட்டத்தில் உள்ள சலேர்ன் என்ற ஊர் அறுகோணச் சுட்டமண் தரை ஓட்டுக்குப் பேர்போனது. அவ்வூர் மண்ணில் இரும்பு அதிகம், அதனால்தான் அந்தச் சிவப்பு.

அவர்கள் பக்கத்து மண்ணையும் கல்லையும் எடுத்துக்கொண்டது போல உங்களுக்கும் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது: கடப்பா கல், குப்பம் கிரானைட், சித்தூர் மாந்தோப்பு மரம், காளஹஸ்தி கலம்காரி, பொதட்டூர்பேட்டைத் தறித் துணி. இவற்றை வைத்துக் கட்டினால் பாணியும் கெடாது, நம் சமையலையும் தாங்கும்.

முதலில் மேசை. அதற்கு இடம் ஒதுக்கிவிட்டுத்தான் மற்ற எதையும் வரைய வேண்டும். கிழக்குச் சுவர் முழுக்கவும் தெற்குச் சுவர் முழுக்கவும் 2 அடி ஆழத்தில் ‘ட’ போல மேடை. மேற்குச் சுவரில் 15 அங்குல ஆழத்தில் அலமாரி. மீதி கிடைக்கும் தரை வடக்கு தெற்காக 12 அடி, கிழக்கு மேற்காக 8 அடி 9 அங்குலம். இதில் 5 அடிக்கு 2½ அடி மேசையை நீளவாட்டில் போட்டால் இரு தலைமாட்டிலும் மூன்றரை அடி கிடைக்கும். பக்கவாட்டில் சரிநடுவில் போடாதீர்கள். மேடைப் பக்கம் 42 அங்குலம் விடுங்கள், அலமாரிப் பக்கம் 33 அங்குலம் போதும். மேடைப் பக்கம் ஒருவர் குனிந்து நிற்கும்போது இன்னொருவர் சூடான பாத்திரத்தோடு பின்னால் கடக்க வேண்டியிருக்கும். 36 அங்குலத்துக்குக் கீழே போனால் முதுகு இடிக்கும். 6 அடி மேசை வேண்டும் என்று தோன்றும், இந்த அறைக்கு வேண்டாம். தலைமாட்டு வழி 3 அடியாகச் சுருங்கி, வடக்குக் கதவு திறக்கும்போதெல்லாம் நாற்காலி தடுக்கும்.

அடுப்பு தென்கிழக்கில் கிழக்குப் பார்த்து, சிங்க் அதே மேடையின் வடகோடியில் ஜன்னலுக்கு அடியில், ஃபிரிட்ஜ் மேற்குச் சுவரின் வடகோடியில். ஃபிரிட்ஜ் அலமாரியைவிட ஆழமானது, ஆனால் அந்த மூலையில் மேசை முடிந்துவிடுவதால் வழி அடைபடாது. வாஸ்து பார்க்கிறவர்களுக்கும் இது ஒத்துவரும், கணக்குக்கும் ஒத்துவரும். அடுப்பு, சிங்க், ஃபிரிட்ஜ் மூன்றுக்கும் இடையே நடக்கும் தூரம் கூட்டினால் 26 அடிக்குள் இருக்க வேண்டும் என்பது சமையலறை வடிவமைப்பாளர்கள் கடைப்பிடிக்கும் அளவு. மேசை குறுக்கே வருகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். தரையில் சாக்பீஸால் எல்லாவற்றையும் அளவாக வரைந்து, வெறுங்குடத்தைத் தூக்கிக்கொண்டு இரண்டு நாள் நடந்து பாருங்கள். சிமென்ட் விழுந்த பிறகு மாற்றுவதைவிட இது லேசு.

உயரத்தில்தான் பெரும்பாலான வீடுகள் தவறுகின்றன. பொது மேடை, சமைப்பவரின் முழங்கையிலிருந்து 4 முதல் 6 அங்குலம் கீழே. 5 அடி 2 அங்குலம் உயரமுள்ளவருக்கு 34 அங்குலம். காய் நறுக்க, சப்பாத்தி தேய்க்க இது பொருந்தும். களிக்குப் பொருந்தவே பொருந்தாது. 34 அங்குல மேடை, மேலே 6 அங்குல அடுப்பு, அதற்கும் மேலே 10 அங்குலக் குண்டான் என்று கூட்டினால் விளிம்பு 50 அங்குலத்தில், தோளுக்கு நேராக வந்து நிற்கும். துடுப்பைப் பிடித்து உடம்பின் எடையைக் கொடுத்து அழுத்திக் கிளற முடியாது. கையை மட்டும் வைத்துக் கிளறினால் மாவு கட்டி தட்டும், தோள் போய்விடும். அதனால் தெற்கு மேடையில், அடுப்பு மூலையை ஒட்டி, 2½ அடி நீளத்துக்கு மேடையை 27 அங்குலத்துக்கு இறக்கி, அங்கே ஒற்றை பர்னர் அடுப்பு வையுங்கள். அதே தாழ்ந்த இடத்தில் கிரைண்டரும் உட்காரும், கல்லைத் தூக்கி இறக்குவதும் எளிது. அதற்கும் கீழே இறக்க வேண்டாம். அடுப்பு எப்போதும் சிலிண்டரைவிட உயரத்தில் இருக்க வேண்டும் என்பது பாதுகாப்பு விதி. சிலிண்டரைப் பின்சுவருக்கு வெளியே வைத்து செம்புக் குழாயில் கொண்டுவருவது நல்லது. உள்ளேயே வைப்பதானால் அந்த அறைக்குத் தரை மட்டத்தில் காற்றுத் துளை கட்டாயம். எரிவாயு காற்றைவிடக் கனமானது, கசிந்தால் கீழேதான் தேங்கும்.

பிரெஞ்சுச் சமையலறைப் படங்களில் அடுப்புக்கு மேலே வரும் பூசிய கூண்டு நமக்குப் புதிதல்ல. நம் பழைய வீடுகளின் புகைபோக்கிக் கூண்டுதான் அது. மரச் சட்டத்தில் செய்யவே கூடாது. இரும்பு ஆங்கிள் சட்டம் அடித்து, சிமென்ட் போர்டு பொருத்தி, மேலே சுண்ணாம்புப் பூச்சு. உள்ளே மின்சாரச் சிம்னி மறைந்து உட்காரும். பர்னரிலிருந்து அதன் ஃபில்டர் வரை 26 முதல் 30 அங்குலம் இருக்கட்டும். குழாய் 6 அங்குல விட்டம், நேராகச் சுவர் வழியே வெளியே. வளைவு ஒன்றோடு நிற்கட்டும், இரண்டு வந்தாலே இழுவை குறையும். கூண்டின் பக்கத்தில் ஸ்க்ரூ கழற்றித் திறக்கும் ஒரு பலகையைச் சொல்லி வையுங்கள். இதை விட்டுவிட்டால் மோட்டார் பழுதாகும் அன்று பூச்சை உடைத்துத்தான் கழற்ற முடியும். களி அடுப்பு தாழ்வாக இருப்பதால் அங்கே ஃபில்டர் 35 அங்குலத்தில் நிற்கும், அது பரவாயில்லை. களியிலிருந்து எழுவது வெறும் ஆவி. மிளகாய்த் தாளிப்பும் எண்ணெய்ப் புகையும் உயர்ந்த அடுப்பில்தான் நடக்கும்.

அடுத்தது கல், இதில் கொஞ்சம் நிதானம் வேண்டும். கடப்பா கல் பார்க்கக் கருப்பாக, உறுதியாக, பிரெஞ்சுப் பண்ணை வீட்டுக் கல் மேடை போலவே இருக்கும், விலையும் குறைவு. ஆனால் அது சுண்ணாம்புக்கல் வகை. அரை எலுமிச்சை மூடியைக் கவிழ்த்து வைத்து ஐந்து நிமிடம் கழித்து எடுத்துப் பாருங்கள், வட்டமாக ஒரு வெளிறிய தடம் இருக்கும். துடைத்தால் போகாது, ஏனென்றால் அது அழுக்கு இல்லை. புளிப்பு கல்லையே அரித்த இடம். புளிக்கரைசல், தயிர், ஆவக்காய் எல்லாம் அதையேதான் செய்யும். எனவே அடுப்பு, சிங்க் இரண்டும் இருக்கும் கிழக்கு மேடைக்கும் களி மேடைக்கும் குப்பம் பக்கத்துக் கிரானைட் போடுங்கள். பளபளப்பு வேண்டாம், லெதர் ஃபினிஷ் கேளுங்கள். கைரேகையும் தெரியாது, புதுக்கல் என்ற பளிச்சும் இருக்காது. விளிம்பைச் சும்மா நேராக வெட்டி முனையை மட்டும் மழுக்கினால் போதும். மேடை ஷட்டரைவிட ஒரு அங்குலம் முன்னே நீளட்டும். அந்த நீட்சியின் அடிப்பக்கத்தில் விளிம்புக்கு இணையாக ஒரு மெல்லிய காடி கீறச் சொல்லுங்கள். வழியும் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும், கதவில் இறங்காது.

கடப்பா கல்லின் உண்மையான இடம் மேடைக்கு உள்ளே. நம் மேஸ்திரிகள் காலம்காலமாகச் செய்வதுதான்: செங்கல் தாங்குசுவர், நடுவில் கடப்பா தட்டு, முன்னால் மரச் சட்டமும் கதவும். பலகைப் பெட்டிகளை விட இது பல மடங்கு மேல். கரையான் ஏறாது, தண்ணீரில் ஊறாது, அரிசி மூட்டையையும் தாங்கும். தட்டு ¾ அங்குலத்துக்குக் குறையக் கூடாது, தாங்குசுவர்களுக்கு இடையே 2½ அடிக்கு மேல் விடக் கூடாது, சுவருக்குள் 2 அங்குலமாவது புதைய வேண்டும். கல் வாங்கும்போது விரல் கணுவால் தட்டிப் பாருங்கள். கணீரென்று ஒலித்தால் நல்லது, மந்தமாக ஒலித்தால் உள்ளே கீறல் இருக்கிறது. ஏடு ஏடாகப் படிந்த கல் ஆதலால் அப்படிப்பட்டது ஒருநாள் பிளந்துகொள்ளும். தெற்கு மேடையின் மீதிப் பகுதியில் உலர்வேலை மட்டும்தான் என்றால் மேலேயும் கடப்பா போடலாம், தேங்காய் எண்ணெய் தடவித் துடைத்தால் கறுப்பு ஆழமாகும்.

எல்லாக் கதவும் ஒரே மாதிரி இருக்க வேண்டியதில்லை. சிங்க்குக்கு அடியில் கதவுக்குப் பதில் துணித்திரை தொங்கவிடுவது பிரெஞ்சு வழக்கம். இங்கே அது காற்றோட்டத்துக்கும் நல்லது, கசிவு இருந்தால் உடனே கண்ணில் படும். உள்ளே மூன்று பக்கமும் டைல் ஒட்டி, கழிவுக்குழாய் சுவருக்குள் நுழையும் இடத்தைச் சுற்றிக் கலவை போட்டு அடைத்துவிடுங்கள். எலி வருவது அந்த வழியாகத்தான். மேற்குச் சுவர் அலமாரியில் மேல்பாதிக் கதவுகளுக்குப் பலகைக்குப் பதில் கம்பிவலை. பிரான்சில் உணவைக் காற்றாட வைக்க இப்படியொரு வலைக்கதவுப் பெட்டி உண்டு, நம் வீடுகளிலும் பால் சட்டியும் மீன் குழம்பும் வைத்த வலை பீரோ இருந்தது. எறும்பு ஏறாமல் அதன் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தும் பழக்கமும் இருந்தது. வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு மூடிய டிராயரைவிட இதற்குள் நன்றாகத் தாங்கும். வலை பெரிய கண்ணாக இருக்க வேண்டாம், பல்லி நுழையாத அளவு நெருக்கமாக, துருப்பிடிக்காத எஃகில்.

திறந்த தட்டுகளை அளவோடு வையுங்கள். தாளிப்பு எண்ணெய் ஆவி காற்றில் மிதந்து, அதன் மேல் மண்தூசி படிந்து, பிசுக்காக ஒட்டும். அடுப்பிலிருந்து 4 அடிக்கு உள்ளே திறந்த தட்டே கூடாது. தினமும் எடுத்துக் கழுவும் பாத்திரத்துக்கு மட்டும்தான் அது.

மேசைக்கு மாமரம் மலிவு, சித்தூர்ப் பக்கம் வயதான தோப்புகளை வெட்டும்போது அகலப் பலகையாகவே கிடைக்கும். ஆனால் மாமரத்தில் பூச்சி சீக்கிரம் துளைக்கும். அறுத்த சூட்டோடு வெங்காரம், போரிக் அமிலக் கரைசலில் ஊறவைத்து, பிறகு நிழலில் முழுக்கக் காய்ந்த பலகைதானா என்று கேட்டு வாங்குங்கள். பச்சைப் பலகையில் செய்த மேசை முதல் சித்திரையிலேயே வளைந்துவிடும். அதைவிட நல்லது, பழைய மரக்கடையில் கிடைக்கும் தேக்குக் கதவுப் பலகை. எப்போதோ சுருங்கி முடிந்த மரம், ஆணித்தடமும் தேய்மானமும் அதிலேயே இருக்கும். 1½ அங்குல கனம், 30 அங்குல உயரம். மேற்பலகையைச் சட்டத்தோடு பசை போட்டு ஒட்டவே கூடாது. ஸ்க்ரூ துளையை நீள்வட்டமாகப் போடச் சொல்லுங்கள். மழைக்காலத்தில் பலகை அகலவாட்டில் விரியும், கோடையில் சுருங்கும். அசைய வழியில்லாவிட்டால் நடுவில் வெடிக்கும். தேன்மெழுகுப் பூச்சு படத்தில் அழகு, இங்கே கோடை 40 டிகிரியைத் தாண்டும்போது இளகிப் பிசுபிசுக்கும், தூசி ஒட்டும். ஆளிவிதை எண்ணெயே போதும்.

தரைக்கு அறுகோணச் சுட்டமண் ஓடு வேண்டுமானால் பதிக்கும் முன் தண்ணீரில் ஊற வையுங்கள், இல்லாவிட்டால் கலவையின் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு பிடிக்காமல் பெயரும். இடைவெளி 6 முதல் 8 மில்லிமீட்டர். பதித்ததும் எண்ணெய் பூச அவசரப்படாதீர்கள். உப்புத்தன்மையுள்ள போர்த் தண்ணீரில் கலந்த கலவை காயக் காய மேலே வெள்ளையாக உப்புப் பூக்கும். ஒரு மாதம் விட்டு, உலர்ந்த தூரிகையால் தேய்த்து எடுங்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்பு திரும்ப உள்ளே போகும். பிறகு ஒரு பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் டேப் ஒட்டி ஒரு ராத்திரி விடுங்கள். காலையில் அடியில் ஈரம் கோத்திருந்தால் இன்னும் காயவில்லை. காய்ந்திருந்தால் ஆளிவிதை எண்ணெயும் டர்பன்டைனும் சம அளவு கலந்து ஒரு கை பூசி, இருபது நிமிடம் கழித்து மிச்சத்தைத் துடைத்துவிட்டு, மறுநாள் இன்னொரு கை. இடைவெளிக் கலவையை முதல் கை எண்ணெய்க்குப் பிறகு அடையுங்கள், முன்னால் அடைத்தால் சிமென்ட் ஓட்டுக்குள் ஊறிக் கறையாகும். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டுவிடாதீர்கள், தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். வெளியே விரித்துக் காயவைக்க வேண்டும், அல்லது தண்ணீரில் அமுக்க வேண்டும். இவ்வளவு பராமரிப்பு முடியாதென்றால் பாலீஷ் போடாத பேதம்செர்லா கல் (ஆந்திராவில் வெட்டும் தரைக்கல்) போடுங்கள், அதுவும் பொருந்தும். பாலீஷ் போட்டது ஈரத்தில் வழுக்கும்.

சுவருக்குச் சுண்ணாம்பு. ஒரு மாதமாவது நீற்றி ஊறிய சுண்ணாம்பைப் பால் போலக் கரைத்து, சுவரை நனைத்துவிட்டு, மெல்லியதாக மூன்று நான்கு கை, ஒரு கைக்கும் அடுத்ததற்கும் ஒரு நாள் இடைவெளி. கெட்டியாக அடித்தால் உதிரும். பெயின்ட், புட்டி மேல் அடித்தாலும் உதிரும், பழைய பூச்சை முழுக்கச் சுரண்டியாக வேண்டும். வெண்மையை மட்டும் விட்டால் நம் வெயிலில் கண் கூசும். மஞ்சள் காவி கொஞ்சம் கலந்தால் வெண்ணெய் நிறம் வரும். புரோவான்ஸில் ரூசியோன் என்ற ஊரே காவி மண் வெட்டிய ஊர், அந்த வீடுகளின் நிறம் அதிலிருந்து வந்ததுதான். காவி, சுண்ணாம்பின் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது, தாண்டினால் கையில் ஒட்டும்.

சுண்ணாம்புச் சுவரைத் துடைக்க முடியாது. அதனால் அடுப்புக்கும் சிங்க்குக்கும் பின்னால் 2 அடி உயரத்துக்கு 4 அங்குலச் சதுர வெள்ளை டைல். அதன் இடைவெளிக்கு வெள்ளைச் சிமென்ட் போட்டால் ஒரே மாதத்தில் மஞ்சள் தூள் ஏறி நிற்கும். எபாக்ஸி கிரௌட், சாம்பல் நிறத்தில், கேட்டு வாங்குங்கள். ஷட்டருக்கு மங்கிய பச்சையோ சாம்பல் நீலமோ நன்றாக இருக்கும், ஆனால் சாக் பெயின்ட்டை மேல்பூச்சு இல்லாமல் விட்டால் அதுவும் மஞ்சளாகும். மங்கலான எனாமல் போதும்.

முன்பக்கம் தெரியும் வெள்ளைப் பீங்கான் சிங்க் ஆசையாகத்தான் இருக்கும். வெறுமையாகவே நல்ல கனம், தாங்குசுவர் அதற்கென்று வேண்டும். பித்தளை அண்டா கைதவறி விழுந்தால் விளிம்பு தெறிக்கும். வாங்குவதானால் தொட்டிக்கு உள்ளே அடியில் போட ஒரு மரச்சட்டமும் சேர்த்துச் செய்துகொள்ளுங்கள்.

விளக்கு விஷயத்தில் படத்தை அப்படியே பின்பற்ற முடியாது. மேசைக்கு மேல் தொங்குவிளக்கு வைத்தால் சீலிங் ஃபேனுக்கு இடமில்லை, ஃபேனுக்கு மேலே விளக்கு வந்தால் இறக்கையின் நிழல் மேசையில் ஓடிக்கொண்டே இருக்கும். இந்த ஊர்க் கோடையில் ஃபேனை விட முடியாது. ஃபேனை மேசைக்கு மேலே வைத்துவிட்டு, மேற்கு, வடக்குச் சுவர்களில் பித்தளைச் சுவர்விளக்கும், மேடைக்கு நேர் மேலே கூரையில் இரண்டு சிறு விளக்கும், 2700 முதல் 3000 கெல்வின் மஞ்சள் ஒளியில்.

செம்புப் பாத்திர வரிசை பிரெஞ்சுச் சமையலறையின் அடையாளம். நார்மண்டியில் வில்தியு-லே-புவால் என்ற ஊர் அதற்காகவே அறியப்பட்டது. உங்கள் வீட்டுப் பரணில் இருக்கும் பித்தளை, செம்புப் பாத்திரங்களை இறக்கி மாட்டினாலே போதும். சமைப்பதற்கு என்றால் உள்ளே வெள்ளீயம் பூசியிருக்க வேண்டும், புளிப்புக்கு அது இல்லாமல் கூடவே கூடாது. அந்த வெள்ளீயம் 232 டிகிரியில் உருகும், காலிப் பாத்திரத்தைத் தீயில் விட்டால் வழிந்துவிடும்.

கடைசியில் துணி. புரோவான்ஸ் பூத்துணி என்று இன்று விற்பது முதலில் நம் கரையிலிருந்து போனது. சோழமண்டலக் கரையின் சாயத்துணிகள் அங்கே ‘இந்தியேன்’ என்ற பேரில் அப்படி விற்றன. சொந்த நெசவைக் காக்க பிரெஞ்சு அரசு 1686-இல் அவற்றுக்குத் தடை போட்டது, 1759-இல்தான் நீக்கியது. அதற்குள் அவர்களே அச்சடிக்கக் கற்றிருந்தார்கள். எனவே ஜன்னலுக்கும் சிங்க்கின் அடிப்பக்கத்துக்கும் திரையை அங்கிருந்து வரவழைக்க வேண்டியதே இல்லை. காளஹஸ்தி கலம்காரி பேனாவால் வரைவது, விலை கூடும், சுவரில் ஒரு துண்டு போதும். திரைக்கு மச்சிலிப்பட்டினம் பக்கத்துப் பெடனாவின் அச்சுத்துணி பொருந்தும், சின்னப் பூ வேலை, நிறையக் கிடைக்கும். கைத்துண்டுக்குப் பொதட்டூர்பேட்டைக் கட்டம். தைக்கும் முன் ஒருமுறை தனியாகப் பச்சைத் தண்ணீரில் அலசுங்கள், முதல் அலசலில் சாயம் விடும், துணியும் சுருங்கும். அதற்குப் பிறகு அளவெடுத்து, அகலத்தில் ஒன்றரை மடங்கு வைத்துத் தையுங்கள். சோடாத்தூள் வேண்டாம், பூந்திக்கொட்டைத் தண்ணீர் போதும், காயவைப்பது நிழலில். சிங்க் திரையின் கீழ்விளிம்பு தரையிலிருந்து 2 அங்குலம் தூக்கியே இருக்கட்டும், துடைப்பமும் ஈரமும் படாது.